சாத்த ஒரு கதவு

புரட்சி வென்ற அடுத்த வருஷம், தொழிலாளர் குடியிருப்பில் எந்த வீட்டுக்கும் கதவு கூடாது என்று குழு முடிவெடுத்தது.

"மறைக்க ஒண்ணுமில்லாதவனுக்குக் கதவு எதுக்குத் தோழர்?" என்று தலைவர் கேட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். தச்சரும் தட்டினார். கழற்றும் வேலை அவர் தலையில்தான் விழுந்தது. நாலு பேர் ஏதும் சொல்லிவிடக் கூடாதே என்று தன் வீட்டுக் கதவை முதலில் கழற்றினார்.

இனி எல்லோரும் ஒரே குடும்பம் என்றார்கள். ஆனால் யார் காதில் எது விழுமோ என்று ஜனங்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டிலிருந்த தச்சரின் அக்காகூட, "சாப்டியாடா?" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அது ரேஷனைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று பயந்து, பிறகு அதையும் விட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் தச்சரின் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மருந்து வரவேயில்லை. அழுதால், அதைக் குத்திக்காட்டுகிறான் என்பார்கள். நடைபாதையில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சில மாதங்கள் கழித்து, தலைவர் அறைக் கதவு உரசுகிறது என்று கூப்பிட்டனுப்பினார்கள். ஆமாம், அங்கே கதவு இருந்தது, நல்ல தேக்கு. ஓரத்தை இழைத்துவிட்டு, பொருந்துகிறதா என்று உள்ளே நின்று சாத்தினார். வெளிச்சத்தம் சட்டென்று அடங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்தாமல், விம்மி விம்மி அழுதார்.

யாரோ தட்டினார்கள். திறந்தால் தலைவர்.

"உள்ள என்ன பண்றீங்க தோழர்?"

"அழுதேங்க."

"எதுக்கு?"

"என் சம்சாரம் செத்துட்டா."

"அது ஆகி எவ்வளவு நாளாச்சு!"

"வீட்ல கதவு இல்லீங்களே."

தலைவர் முகம் சுருங்கியது. "இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்றதுக்கு யாருங்க இருக்கா?"

அந்த வாரமே தச்சரை மலைக்காட்டு மரக்கிடங்குக்குக் காவலாக மாற்றினார்கள். அவர் பெட்டியும் கையுமாக அக்கா வீட்டு வாசலில் நின்றார்.

"போய்ட்டு வரேன்க்கா."

அவள் முதுகைக் காட்டியபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

கிடங்குக் கொட்டகைக்கும் கதவில்லை. ஆனால் கண்ணுக்கெட்டியவரை ஆள் அரவமே கிடையாது. முதல் நாள் சாயங்காலம், சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். தன் குரலே வேற்றாள் குரல்போல இருந்தது. பிறகு பேச்சு பிடித்துக்கொண்டது. அக்கா மேல் கோபமில்லை என்றார். இங்கே காற்று எலும்பைத் துளைக்கிறது என்றார். வெளிச்சம் மங்கும்வரை பேசினார்.

கேட்டுவிட்டு ஒரு 'ம்' போடத்தான் ஆளில்லை.