சபையில் சிரித்த பிள்ளை

வைத்தியசாலையில் அந்தச் சொல்லைக் கேட்டபோது, வேறு யாருடையவோ பிள்ளையைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றே ஞானமலர் நினைத்தாள். ஓட்டிசம், அதாவது மதியிறுக்கம், என்றால் அவளுக்குத் தெரிந்தவன் ஒருவன்தான். பிரெடெரிசியா நகரில் இருக்கும் தவமலரின் மகன் ஜெரோஷன். வளர்ந்து ஆளாகியும் ஒரு சொல் பேசாதவன். சபையில் பாட்டுத் தொடங்கினால் கைகளை உதறிக்கொண்டு சிரிப்பான். ஆனால் அவளுடைய மகள் எப்சிபா பதினைந்து வயதில் வகுப்பில் கணக்கில் முதலாவது. கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள், அதுவும் டேனிஷில்.

"எனக்குத் தெரிந்த பிள்ளை ஒன்று கதைக்காது. இவள் கதைக்கிறாளே," என்று உளவியலாளரிடம் கேட்டாள்.

பெயர் ஒன்றுதான், அது ஆளுக்கு ஆள் வேறு மாதிரி இருக்கும் என்றார் அந்தப் பெண். ஞானமலர் தலையாட்டினாள். விளங்கவில்லை. கிரின்ஸ்டெட்டில் இருந்த வீட்டுக்குக் காரை ஓட்டி வந்தவன் அவளுடைய கணவன் செல்வராஜா. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "அவளுக்குக் கூச்சம், அவ்வளவுதான்," என்றான்.

அது 2009 ஏப்ரல். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் மனம் இல்லை. செல்வராஜாவின் தம்பி, மனைவி பிள்ளைகளோடு, போர் நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தான். மாசியிலிருந்து ஒரு தொடர்பும் இல்லை. செல்வராஜா தொழிற்சாலையால் வந்ததும் தொலைக்காட்சியைப் போட்டால் படுக்கும்வரை அது ஓடும். ஒருநாள், "தம்பி தப்பியிருப்பான், கர்த்தர் கைவிடமாட்டார்," என்பான். மறுநாள், "எல்லாம் முடிஞ்சுது," என்பான். எப்சிபா இரண்டையும் கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். சித்தப்பாவைப் பற்றி ஒரு கவலையும் இல்லாத பிள்ளை என்று ஞானமலருக்கு மனம் நொந்தது. இது அந்த நோயா, அல்லது தான் வளர்த்த விதமா என்றும் தெரியவில்லை.

மே மாதம் போர் முடிந்தது என்ற செய்தி வந்தது. அடுத்த ஞாயிறு பிரெடெரிசியாவில் ஆராதனை. பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை விட்டு அழத் தொடங்கினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் நிலத்தில் விழுந்து தன் அக்காவின் பெயரைச் சொல்லிக் கதறினாள். அப்போது எப்சிபா சிரித்தாள். பல்லெல்லாம் தெரிய, விட்டு விட்டுச் சிரித்தாள். பின்னால் இருந்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள்.

செல்வராஜா அவளின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய்க் காரின் பின் இருக்கையில் இருத்தினான். "என்ரை தம்பி செத்துப்போனானோ எண்டு நான் துடிக்கிறன். உனக்குச் சிரிப்பு வருதோ?"

அவள் காதுகளைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

தவமலர் ஜெரோஷனையும் கூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அவன் காதில், தொழிற்சாலையில் சத்தத்துக்குப் போடுவது போன்ற பெரிய காதுமூடி இருந்தது. ஞானமலரும் வெளியே வந்து அவளின் தோளில் சாய்ந்தாள்.

"தவமக்கா, உங்கட மகனும் சிரிக்கிறவன்தானே. இது ஏனெண்டு சொல்லுங்கோ."

"அவன் சிரிச்சா சந்தோசம். அது எனக்குத் தெரியும்," என்றாள் தவமலர். "உன்ரை மகள் ஏன் சிரிச்சவள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? அவளைக் கேளன்."

"கேட்டா?"

"அவள் வாய் திறந்து சொல்லுவாள், ஞானம். என்ரை பிள்ளையை நான் இத்தினை வருசமாக் கேக்கிறன்." தவமலர் மகனின் சட்டைக் கொலரைச் சரிசெய்தாள். "பல்லு வலிக்குதோ எண்டுகூட அவனுக்குச் சொல்லத் தெரியாது."

ஞானமலர் காருக்குள் ஏறி மகளுக்குப் பக்கத்தில் இருந்து கதவைச் சாத்தினாள். சத்தம் அடங்கியது. மெதுவாகக் கேட்டாள்.

"பிள்ளை, ஏன் சிரிச்சனீ?"

எப்சிபா டேனிஷில் சொன்னாள். "நான் சிரிக்கவில்லை. என் முகம் அப்படிப் போய்விட்டது. பயம் கூடினால் அது தன்பாட்டில் போகும்."

"எதுக்குப் பயம்?"

"சித்தப்பா இருக்கிறார் என்று அப்பா சொல்கிறார். பிறகு இல்லை என்கிறார். எது உண்மை என்று ஒருவரும் சொல்வதில்லை. எல்லாரும் அழுதபடியால், செய்தி வந்துவிட்டது, எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று நினைத்தேன்."

முன் இருக்கையில் இருந்த செல்வராஜா திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். "எனக்குத் தெரியாது," என்றான். "ஒரு செய்தியும் வரேல்லை. எனக்கு ஒண்டும் தெரியாது, பிள்ளை."

"சரி," என்றாள் எப்சிபா. அவளின் தோள் மெல்ல இறங்கியது.

'தெரியாது' என்ற சொல் தனக்கு ஆறுதலா என்று ஞானமலர் யோசித்தாள். இல்லை. மகளுக்கு மட்டும் எப்படி ஆறுதலாக இருக்கிறது என்று புரியவில்லை.

ஆனி மாதம் தம்பியின் மனைவி அகதி முகாமிலிருந்து யாருடையதோ தொலைபேசியில் கதைத்தாள். அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள். தம்பியை இராணுவத்தினர் வழியில் பிரித்துக் கொண்டுபோனார்கள், பிறகு காணவில்லை. செல்வராஜா கேட்டதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் மகளுக்குச் சொன்னான்.

"பிள்ளைகளுக்கு என்ன வயது?" என்று அவள் கேட்டாள். எட்டும் பதினொன்றும் என்றான். அவள் எழும்பிப் போய்விட்டாள்.

சிறிது நேரத்தில் வீட்டு நடைவழி முழுவதும் சப்பாத்து. அவள் சின்ன வயதில் போட்ட காலணிகள், அளவு வாரியாக ஒரே வரிசையில் இருந்தன.

இது இரக்கமா, அல்லது அலுமாரியை ஒதுக்குகிறாளா என்று ஞானமலருக்குத் தெரியவில்லை. கேட்டாள்.

"அவர்கள் ஓடி வந்தார்கள்தானே. சப்பாத்து இருக்காது," என்றாள் எப்சிபா. "அலுமாரியிலும் இடமில்லை."

முகாமுக்குப் பொதி அனுப்பலாமோ, அனுப்பினாலும் போய்ச் சேருமோ என்று ஒருவருக்கும் தெரியாது. செல்வராஜா நிலத்தில் இருந்து, ஈரத்துணியால் ஒரு சோடியைத் துடைக்கத் தொடங்கினான். மற்றக் காலின் சப்பாத்து நாடாவை எப்சிபா கழற்றிக் கொடுத்தாள்.