கால் கொடுத்தவள்

ஜெயசீலியைப் பற்றி யாராவது உயர்வாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நடந்ததைக் கேட்டுவிட்டு அவள் செய்ததுதான் சரி என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. சொல்லட்டும். அவர்கள் யாரும் இருந்த வேலையை விட்டுவிட்டு ஈரத் தலையோடு வீட்டுக்குப் போனதில்லை.

1993. கோவளம் போகிற வழியில் புதிதாகத் திறந்த ஒரு ரிசார்ட்டில் பெண்கள் குளிப்பதற்கென்று தனி நேரம் ஒதுக்கி, காலைக்கு ஒருத்தி, மாலைக்கு ஒருத்தி என்று இரண்டு பெண் லைஃப்கார்டுகள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தாம்பரத்தில் ஒரு நீச்சல் குளத்தில் ஆறு வாரப் பயிற்சி, கடைசியில் தேர்வு. பீர்க்கன்கரணை ஏரியில் நான் நீந்துவதைக் கரையிலிருந்து பார்த்துவிட்டு, ஜெயசீலி வீடு தேடி வந்து என்னைக் கூப்பிட்டாள். கிழக்குத் தாம்பரத்துப் பெண். அவள் அப்பா பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். என்னைவிட ஒரு சுற்று பெரிய உடம்பு. கங்கையம்மாள் என்ற என் பெயரை முதல் நாளே கங்கா என்று சுருக்கிவிட்டாள்.

பயிற்சி கொடுத்த தோத்தாத்ரி சார் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். விடிந்ததும் ஏரிக்கரையில் மூன்று சுற்று ஓட விடுவார். பிறகு தண்டால். நான் பாதியிலேயே தரையில் படுத்துவிடுவேன். ஜெயசீலி சிரித்துக்கொண்டே முடிப்பாள். காயத்துக்குக் கட்டுப் போடுவதிலும், ரப்பர் பொம்மையின் நெஞ்சில் பதினைந்து அழுத்து, வாயில் இரண்டு ஊது என்பதிலும் நான்தான் கெட்டி. அதில் ஒரு தப்பு பண்ணியதில்லை.

தண்ணீரில் இழுப்பதுதான் கஷ்டம். ஒருத்தி முழுகினவளாகக் கிடக்க, மற்றவள் தாடைக்குக் கீழே பிடித்து ஐம்பது மீட்டர் இழுத்து வர வேண்டும். தேர்வில் அதற்கு இரண்டு நிமிஷம். கிடக்கிறவள் பிணம் மாதிரி கிடக்க வேண்டும் என்பது சாரின் சட்டம். ஆனால் பயிற்சிக்கு வந்த ஆண்கள் உட்பட எல்லோரும் சாருக்குத் தெரியாமல் தண்ணீருக்கடியில் லேசாகக் காலை அசைத்து உதவுவார்கள். கால் கொடுக்கிறது என்று அதற்குப் பெயர். அவளுக்கு நான் கொடுத்தேன், எனக்கு அவள் கொடுத்தாள். இரண்டு நிமிஷத்துக்குள் சர்வ சாதாரணமாக வந்துவிடுவேன். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலையில் இருந்தேன். மூன்றாவது வாரம் சூப்பர்வைசர் காலை ஷிஃப்ட்டுக்கு வா, இல்லையென்றால் வராதே என்று சொல்லிவிட்டார். வேலையை விட்டேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இந்தத் தேர்வில் தேறாவிட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது, அது ஜெயசீலிக்கு நன்றாகத் தெரியும்.

தேர்வு நாளில் முதலில் அவள் இழுத்தாள். வழக்கம்போல் கால் கொடுத்தேன். ஒரு நிமிஷம் நாற்பத்தெட்டு செகண்டு. அடுத்தது என் முறை. தாடையைப் பிடித்து இரண்டு கை வீசியதுமே தெரிந்துவிட்டது. அவள் கால் அசையவில்லை. மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். "சீலி, காலு" என்றேன். கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்தபடி கிடந்தாள். நனைந்த மூட்டையை இழுப்பது போல இருந்தது. பாதியில் என் தோள் கழன்று போகிற மாதிரி வலித்தது, மூக்கில் தண்ணீர் ஏறியது. அழுதுகொண்டேதான் இழுத்தேன்.

இரண்டு நிமிஷம் ஒன்பது செகண்டு.

கரையேற்றியதும் மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வாயருகே காதை வைக்க வேண்டும். வைத்தேன். "ஸாரி கங்கா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அப்போதுதான் அது மறதி இல்லை என்று உறைத்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எழுந்து நின்று, நான் கால் கொடுத்ததால்தான் அவள் தேறினாள், அவளையும் மறுபடி இழுக்கச் சொல்லுங்கள் என்று சாரிடம் போட்டுக் கொடுத்தேன். கெட்டால் இரண்டு பேரும் கெடுவோம் என்றுதான் சொன்னேன். நல்லெண்ணமெல்லாம் கிடையாது. சார் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி இறங்கச் சொன்னார்.

இந்தத் தடவை நான் நிஜமாகவே பிணமாகக் கிடந்தேன். கனக்கட்டும் என்று மூச்சையெல்லாம் வெளியே விட்டேன். ஒரு நிமிஷம் நாற்பத்துநாலு. என் கால் இல்லாமல் நாலு செகண்டு முன்னதாகவே வந்துவிட்டாள்.

உடை மாற்றுகிற அறையில் அவளை மடக்கினேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நிஜமாவே முழுகுறவ கால் அடிக்க மாட்டா, கங்கா. உன் டியூட்டில ஒருத்தி செத்துட்டா?"

"என்னால முடியாதுன்னு உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"மொதல் வாரமே" என்றாள்.

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? நான் வேலைய வுட்டதும் கட்டிப் பிடிச்சிகினியே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ நின்னுடுவே. ஒத்தப் பொண்ணுக்கெல்லாம் டிரெயினிங் கிடையாது, இழுத்துப் பழக இன்னொரு பொண்ணைக் கூட்டிட்டு வான்னு சார் சொல்லியிருந்தார்."

நான் அவளை அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று பல வருஷம் என்னையே திட்டியிருக்கிறேன். துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஜி.எஸ்.டி. ரோட்டோரமாக நடந்தேன். லைஃப்கார்டு ஆகப் போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். ஆறு வாரமும் நான் போனது அவள் இழுத்துப் பழகுவதற்கு ஒரு உடம்பாகத்தான்.