எங்க வீட்டு நாய் இல்ல

நகர சபை வண்டியின் ஒலிபெருக்கி சந்தின் அந்தக் கோடியில், தேவாலயத்துப் பக்கம், இரைய ஆரம்பித்தபோது மெரேசெயினி சமையல் கொட்டகையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுவதை நிறுத்தாமலே காதைக் கொடுத்தாள். ஒரு வீட்டுக்கு இரண்டு நாய்கள்தான். இரண்டுக்கும் கருத்தடை செய்து, சபையில் பதிந்து, கழுத்தில் நீலப் பட்டை கட்டியிருக்க வேண்டும். இலவச முகாம் இன்றோடு முடிகிறது. பட்டை இல்லாத நாயை வீட்டுக்காரர் இப்போதே ‘என்னுடையது’ என்று சொன்னால் முகாமுக்குக் கொண்டுபோய், அறுத்துத் தைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அப்படிச் சொல்ல ஆளில்லாத நாய் கிடங்குக்குப் போகும். கிடங்குக்குப் போன நாய் திரும்பி வராது என்பதை ஒலிபெருக்கி சொல்லவில்லை. வுனிமொலிக் குடியிருப்பில் அது தெரியாதவர்களும் இல்லை.

அவள் எழுந்து வந்து வீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். வீட்டைத் தாங்கும் கட்டைகளுக்கு நடுவே, பழைய வலைக் குவியலுக்குப் பின்னால் லோவா படுத்திருந்தது. கறுப்பு நாய். குட்டிகளுக்குக் கொடுத்துக் கொடுத்துத் தொங்கிப்போன மடி. சந்தில் திரியும் கறுப்புக் குட்டிகளில் பாதி அதன் வயிற்றில் பிறந்தவை. அவளைப் பார்த்ததும் வாலால் மண்ணைத் தட்டியது.

வார ஆரம்பத்திலேயே அவள் அதைப் பள்ளி மைதானத்துக் கூடாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். பழைய துணியைக் கிழித்து முறுக்கிக் கயிறாகக் கட்டி, வழியெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு. மேசையில் இருந்த பெண் நல்லவள்தான். லோவாவின் காதைத் தடவிக்கொண்டே, “வீடு யார் பேர்ல இருக்கு?” என்று கேட்டாள். நாத்தனார் தொரிகாவின் பேரில். “அப்ப அவங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்மா. வீட்டுக்காரங்க சொல்லாம நாங்க தொடக் கூடாது. சட்டம் அப்படி.” வீட்டுக்கு வந்து தொரிகாவிடம் சொன்னாள். “பாக்கலாம்” என்றாள் தொரிகா. மறுநாளும் பாக்கலாம் என்றாள். அதற்கு மறுநாள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மெரேசெயினியின் புருஷன் இனோகேயின் அக்காதான் தொரிகா. இனோகே வெளிநாட்டு மீன்பிடிக் கப்பலில் ஏறிப் போனபோது, “அக்கா வீட்டுல இரு, ஒரு பயமும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனான். வீட்டுக்குப் பின்னால் தகரத்தால் இறக்கிய அறையை அவளுக்குக் கொடுத்தார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, ஒரு கயிறுதான். தொரிகாவின் புருஷன் சமிசோனி அவளுக்கு அண்ணன் முறை. அவர்கள் வழக்கப்படி அண்ணன் முறையானவன் தங்கையோடு நேருக்கு நேர் பேசக் கூடாது, ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, அவள் காதில் விழும்படி அசிங்கமாகக் கேலி பேசக் கூடாது. பகலில் சமிசோனி இதில் கொஞ்சமும் பிசக மாட்டான். அவள் தண்ணீர் பிடிக்க வந்தால் குழாயடியிலிருந்து எழுந்து போய்விடுவான். உப்பு வேண்டுமென்றாலும் மனைவியிடம் சொல்லித்தான் கேட்பான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று தேவாலயத்துப் பாட்டுக்குழுப் பெண்கள் வியந்து பேசிக்கொள்வார்கள். கவா வேரைக் கரைத்துக் குடித்துவிட்டு வரும் இரவுகளில் அவன் கை அந்தக் கயிற்றைத் தேடும். முதல் தடவை அவள் இருமினாள். அடுத்த தடவை விளக்கைப் போட்டாள். அதற்குப் பிறகு மீன் தலை போட்டுப் போட்டு லோவாவைத் தன் வாசலில் படுக்கப் பழக்கினாள். அப்புறம் ஒரு தடவை அவள் எதுவுமே செய்ய வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் சமிசோனி கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் ஏதோ தெருநாய் கடித்துவிட்டது என்றான். தொரிகா வெந்நீர் வைத்துக் காயத்தைக் கழுவினாள். தண்ணீரைக் கொட்டப் பின்பக்கம் வந்தவள், வாசலில் படுத்திருந்த நாயைப் பார்த்தாள். நாய்க்கு அந்தப் பக்கம் பாய் சுருட்டிக்கொண்டிருந்த மெரேசெயினியைப் பார்த்தாள். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து லோவாவுக்கு மிச்சச் சோறு வைப்பதை நிறுத்திவிட்டாள்.

வண்டி வீடு வீடாக நின்று வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்ன நடக்கிறது என்பது இங்கிருந்தே கேட்டது. பாட்டுக்குழு நடத்தும் வாசிதி, ஐந்து வருஷமாகத் தன் மடியில் தலை வைத்துத் தூங்கும் கேப்டன் என்ற நாயைக் காட்டி, “இதுவா? இது பஸ் ஸ்டாண்டு நாய்ங்க” என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். கேப்டன் அவள் குரலைக் கேட்டு வாலை ஆட்டிக்கொண்டு படியேறி வர, அவள் கால் நுனியால் அதைக் கீழே தள்ளினாள். கடைக்கார ராம்தேவ், “நாய்னாலே எனக்கு ஆகாதுப்பா, தும்மல் வரும்” என்று சத்தியம் செய்தார். அவர் கடை மாவுமூட்டை கட்டும் நீலக் கயிறுதான் பக்கத்தில் நின்ற நாயின் கழுத்தில் இருந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. என்னுடையது என்று சொன்னால் வருஷா வருஷம் கட்டணம், அது கடித்தவனுக்கெல்லாம் பதில், அது போட்ட குட்டிக்கெல்லாம் கணக்கு. நேற்றுவரை எல்லா வீட்டிலும் சாப்பிட்ட நாய்களுக்கு இன்று எந்த வீடும் இல்லை.

வண்டி அவர்கள் வாசலுக்கு வந்தது. முன்னாலிருந்து இறங்கியவனைப் பார்த்ததும் மெரேசெயினி துருவல் கிண்ணத்தை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எரோனி. அவளுடைய பெரியப்பா மகன். ஊரில் ஒரே முற்றத்தில் வளர்ந்தவர்கள். சேற்றில் நண்டு தோண்டினாலும் சேர்ந்துதான் தோண்டுவார்கள். அவள் பெரியவளானதும், இனிமேல் அண்ணனோடு பேசக் கூடாது என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். அதோடு இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவன் பிடிக்கும் மீனில் பெரியது அம்மா கையில் வரும், “உள்ள குடுங்க” என்ற சொல்லோடு. அவன் நகர சபையில் வேலைக்குச் சேர்ந்தது அவளுக்குத் தெரியாது. அவனும் அவளைப் பார்த்துவிட்டான். உடனே பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டான். இவனுக்குத் தெரிந்தால் போதும், இவன் எதையும் செய்வான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் எப்படித் தெரியவைப்பது?

எரோனிக்குத் தொரிகா மாமன் மகள் முறை. அங்கே பேச்சுக்குக் கட்டுப்பாடு இல்லை.

“என்ன மச்சான், ஊருல எவளும் மாட்டலன்னு நாய் புடிக்கக் கெளம்பிட்டியா?” என்றாள் தொரிகா, படியில் உட்கார்ந்தபடியே.

“நாயின்னா கடிச்சிட்டு விட்டுடும். உன்ன மாதிரி ஒருத்தி மாட்டுனா ஆயுசுக்கும் விடமாட்டாளே. அதான் பயந்து இந்த வேலைக்கு வந்துட்டேன்.”

கூட வந்தவன், சுருக்குக் கழியைத் தோளில் வைத்திருந்த தடியன், விழுந்து விழுந்து சிரித்தான். எரோனி குனிந்து வீட்டுக்கடியில் பார்த்தான். “உள்ள ஒண்ணு தெரியுதே. உங்க நாயா?”

தொரிகா வாயைத் திறப்பதற்குள் மெரேசெயினி முந்திக்கொண்டாள். அவனிடம் பேசக் கூடாது. தொரிகாவிடம் பேசலாம். “அண்ணி,” என்றாள், “நம்ம லோவா அண்ணி.”

தொரிகா திரும்பிப் பார்த்தாள். பிறகு சந்துக்கே கேட்கும்படி சிரித்தாள். “அறுக்கறதுக்குன்னு கத்தியத் தீட்டிட்டு வந்துட்டீங்க, நாய அப்புறம் பாரு மச்சான். ரெண்டு கால்ல ஒண்ணு எங்க வீட்டுல சுத்துது. மொதல்ல அதக் கூட்டிட்டுப் போய் அறுத்து விடு. ராத்திரியில வேலி தாண்டாம கெடக்கும்.”

தடியன் கழியைக் கீழே ஊன்றிக்கொண்டு சிரித்தான். எரோனியின் முகம் செத்துப்போயிற்று. தங்கை நிற்கும் இடத்தில் அண்ணன் காதில் விழக் கூடாத பேச்சு இது. ஊரில் இப்படிப் பேசிவிட்டால் கவா வேர்க்கட்டையை முன்னால் வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்ட தங்கை அங்கே நிற்க முடியாது. மெரேசெயினி தலையைக் குனிந்துகொண்டு, கையில் தேங்காய்த் துருவலோடு, வீட்டைச் சுற்றித் தன் அறைக்குள் போனாள். தொரிகா வாய் தவறிப் பேசுகிறவள் இல்லை. தன்னை அந்த இடத்தைவிட்டு எழுப்பத்தான் அதைப் பேசினாள் என்பது அறைக்குள் போய் நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எழுப்புவதற்கு எத்தனையோ கேலி இருக்க, இதை ஏன் எடுத்தாள் என்பதும் உறைத்தது.

தகரத்துக்கு அந்தப் பக்கம் தொரிகாவின் குரல் இப்போது வேறாக இருந்தது. “அது எங்க வீட்டு நாய் இல்ல மச்சான். அது பாட்டுக்கு வந்து படுக்குது. கடிக்கிற ஜாதி. எங்க வீட்டுக்காரரு கால வேணும்னா வந்து பாரு.”

கழி வீட்டுக்கடியில் உரசும் சத்தம் கேட்டது. லோவா உறுமியது. தடியன் மூச்சு வாங்கினான். “வலைக்குப் பின்னால போய் ஒட்டிக்கிச்சு. கழி எட்டல. வுட்டுட்டு அடுத்த வீட்டப் பாக்கலாமா? இன்னிக்குத் தப்பிச்சதுன்னு இருக்கட்டும்.”

அவன் அப்படிச் சொன்னதை அவள் சரியாகக் கேட்கவில்லை. அவள் மனதில் ஒரே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனோடு பேசக் கூடாது, ஆனால் நாயைக் கூப்பிடலாம். பேர் சொல்லிக் கூப்பிட்டு, அது வந்து என் காலடியில் படுத்துவிட்டால், அவன் எதையும் கேட்க வேண்டியதில்லை, நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

“லோவா!” என்று வாசலில் நின்று கூப்பிட்டாள். “லோவா, வா!”

இத்தனை வருஷத்தில் அண்ணன் அவள் குரலை உரக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. நாய் வலையை உதறிக்கொண்டு பின்பக்கமாக வெளியே பாய்ந்தது. அவள் வாசலுக்கு நாலடி இருக்கும்போது தடியன் சுற்றி ஓடிவந்து போட்ட சுருக்கு அதன் கழுத்தில் விழுந்தது.

“அப்பாடா,” என்றான் தடியன், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. “நல்ல வேள கூப்பிட்டீங்க. இல்லன்னா இன்னிக்குப் பூரா நின்னாலும் புடிச்சிருக்க முடியாது.”

எரோனி வீட்டு மூலையில் வந்து நின்றான். பின்னாலேயே தொரிகாவும் வந்தாள். அவன் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் என்றில்லாமல் சொன்னான். “பேரு இருக்கற நாய்க்கு ஆளும் இருக்கும். வீடு யாரு பேர்ல இருந்தா என்ன, என்னோடதுன்னு இங்க ஒருத்தர் சொன்னா நான் எழுதிக்கறேன். வேற எதுவும் கேக்கமாட்டேன்.”

அவளிடம்தான் கேட்கிறான். கூரையிடம் கேட்டதற்குக் கூரையிடமே பதில் சொல்லலாம், அவ்வளவு தூரம் அவன் வழியைத் திறந்துவிட்டான். ஒரே ஒரு சொல். தொரிகா இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னுடையது என்றால், கடித்ததும் என் நாய். என் நாய் என்றால், கடித்த இடமும் பஸ் நிறுத்தம் இல்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வரக்கூடியது எல்லாம் அண்ணன் முன்னால் வந்து விழும். அவன் கேட்கமாட்டேன் என்றான். கேட்காமலே புரிந்துகொள்வான். புரிந்துகொண்டால் இரவு சமிசோனியைத் தேடி வருவான், பிறகு இந்த வீடும் இருக்காது, கப்பலில் இருக்கும் இனோகேக்கும் ஒருநாள் செய்தி போகும், போகும்போது அது வேறு செய்தியாக மாறியிருக்கும். நாய் சுருக்கு மாட்டிய கழுத்தோடு அவளைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது போல. துருவல் ஒட்டிய விரல்களை அவள் ஒன்றோடொன்று தேய்த்தாள். வாய் திறக்கவில்லை.

எரோனி ரொம்ப நேரம் நின்றான். தடியன் இரண்டு தடவை செருமினான். “சரி” என்றான் எரோனி கடைசியில்.

வண்டியில் ஏறுமுன் இருக்கைக்கு அடியிலிருந்து நீள ரொட்டி ஒன்றையும் டின் மீனையும் எடுத்துத் தொரிகாவிடம் கொடுத்தான். “வெறுங்கையோட வந்தேன்னு இருக்கக் கூடாது. உள்ள குடு.” கொடுத்த பிறகும் கையை எடுக்கவில்லை. “நல்லா பாத்துக்க, மச்சினி,” என்றான். இதற்குத் தொரிகா கேலியாக எதையாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சாயங்காலம் மெரேசெயினி மரவள்ளியை அவித்து, தேங்காய்ப் பாலில் மீனைக் கொதிக்கவைத்தாள். சமிசோனி வந்து அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டான். “நாயெல்லாம் புடிச்சிட்டுப் போயிட்டாங்களாமே,” என்று மனைவியிடம் கேட்டான். “ம்” என்றாள் தொரிகா. “நல்லதுதான். சனங்க நடமாடற எடம்.” ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு, கொஞ்சம் நொண்டியபடி, நாலு வீடு தள்ளி கவா கரைக்கும் வீட்டுக்குப் போனான்.

அவள் பாத்திரம் கழுவி முடித்து அறைக்கு வந்து விளக்கைப் போட்டபோது, தொரிகா கையில் பாயும் தலையணையுமாக வந்து நின்றாள். “அந்தப் பக்கம் ஒழுகுது,” என்றாள். அந்த வாரம் முழுக்க மழை இல்லை. மெரேசெயினி ஒதுங்கினாள். தொரிகா உள்ளே வரவில்லை. வாசலின் குறுக்கே பாயை விரித்து, முதுகை அவள் பக்கம் வைத்து, பாதையைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்தாள். நல்ல ஆகிருதி. வாசல் அடைபட்டுவிட்டது.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்க மெரேசெயினிக்கு நாக்கு நுனிவரை வந்தது. தன்னையும் யாராவது அதையே கேட்கலாம் என்பதால் கேட்கவில்லை. கை கழுவப் போக வேண்டும். மீன் வாடை போகவில்லை. போவதானால் தொரிகாவைத் தாண்டித்தான் போக வேண்டும். மூத்தவளைத் தாண்டக் கூடாது. அவள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சந்தில் ஒரு குரைப்பு இல்லை. நாலு வீடு தள்ளி ஒவ்வொரு கவாக் கோப்பைக்கும் கை தட்டும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அது நின்றது. யாரோ விடைபெற்றார்கள், ஒரு கதவு சாத்தப்பட்டது. தொரிகா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, பாதைப் பக்கம் திருப்பி, அசையாமல் இருந்தாள்.