பின்சீட்டுக்கு அடியில் ஓர் இரைச்சல்

மேம்பால ஏற்றத்தில் வண்டி இரண்டு முறை திணறிவிட்டு நின்றது. பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டு, ஒரு முழ இடைவெளியில் ஒதுங்கிப் போனது.

"வண்டிய எடுத்ததுலேருந்து என் காலடியில என்னமோ ஊளையிட்டுக்கிட்டே வந்துச்சு. கடைசியா வீல்னு கத்திட்டு உயிரை விட்டுடுச்சு," என்றார் பின்சீட்டில் இருந்த மாமியார். அவர் கை கதவுப்பிடியை இன்னும் விடவில்லை.

வண்டியை ஓட்டி வந்த மருமகள் இறங்கினாள். மாமியாரைத் தடுப்புச்சுவர் ஓரமாக நிறுத்திவிட்டு, குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். பெட்ரோல் டேங்குக்கு வெளியே, அதைவிட உயரத்தில், பளபளவென்று ஓர் உருளை பம்ப் பட்டையால் கட்டப்பட்டிருந்தது. அவள் போடச் சொன்னது அதுவல்ல.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள். பழைய சின்னக் காருக்கு வலுக்கூட்டும் டர்போ வைத்து, ஒரு வருடமாகப் பார்த்துப் பார்த்துத் தேற்றிய எஞ்சின் இது. அதற்குப் பெட்ரோல் ஊட்டும் பம்புக்காக மட்டும் மூன்று வாரம் படித்தாள். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் பம்ப்தான் சூடாகாது, சத்தம் போடாது. அதைத்தான் மெக்கானிக்கிடம் தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். முந்தின நாள் வேலை முடிந்து வண்டியை எடுத்தபோது இரைச்சலைப் பற்றிக் கேட்டாள். "புதுசு மேடம், ரெண்டு நாள்ல அடங்கிடும்" என்றிருந்தான். தலையாட்டிவிட்டு வந்த தன்மீதே இப்போது எரிச்சலாக இருந்தது.

பம்பின் சூடு தணிந்து வண்டி கிளம்ப இருபது நிமிடம் ஆனது.

"வீட்டுக்குத்தானே?"

"ஒர்க்‌ஷாப்புக்கு, அத்தை. உங்கள வழியில இறக்கி விட்டுடறேன்."

"எதுக்கு? எனக்கும் ரெண்டு வார்த்தை கேக்க வேண்டியிருக்கு."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "ரேஸ் வண்டிக்குப் போடற பம்ப் மேடம் அது. சத்தம் இருக்கத்தான் செய்யும்."

"நான் என்ன எழுதிக் குடுத்தேன்?"

"உள்ள வைக்கணும்னா டேங்கையே இறக்கணும். ஒரு நாள் வேலை. சார்கிட்ட ஃபோன்ல கேட்டேன், எது சுலபமோ போடுன்னாரு."

"வண்டி யாரோடது?"

மெக்கானிக் மறுபடி கையைத் துடைத்தான்.

"என் புள்ளைக்கு சைக்கிளுக்குக் காத்தடிக்கத் தெரியாது. அவன்கிட்டயா கேட்டே?" என்றார் மாமியார். வேலை செய்துகொண்டிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள்.

"பம்ப் நல்ல பம்ப்தான்," என்று முணுமுணுத்தான் மெக்கானிக்.

"அளந்து பாப்போம். எஞ்சின் வரைக்கும் போய்த் திரும்பி வர்ற குழாயைக் கழட்டி, கேன்ல விடுங்க. பிரஷர் குறையக்கூடாது. அரை நிமிஷம்."

வேண்டாவெறுப்பாகச் செய்தான். பம்ப் வீறிட்டது. அவள் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை லிட்டராவது வந்திருக்க வேண்டும். கேனில் முக்கால் லிட்டர்கூட இல்லை. அதிலும் பாதி நுரை. அடுத்து பம்ப் முனையில் வோல்ட் மீட்டர் வைக்கச் சொன்னாள். பாட்டரியில் இருந்த மின்சாரம் அங்கே வந்து சேர்வதற்குள் இளைத்துப்போயிருந்தது. பழைய மெல்லிசு வயரையே இழுத்து முறுக்கியிருந்தான்.

"பெட்டியில போட்டிருக்கற நம்பரு சும்மா ஊத்தினா வர்ற நம்பரு. பிரஷர்ல, சூட்டுல என்ன வருதுன்னு பாக்கணும். நீங்க பாக்கல. என் பின்னால லாரி வந்துச்சுங்க!" அவள் குரல் உடைந்தது. அழுகை இல்லை, கத்தாமல் இருக்கப் பட்ட பாடு.

மெக்கானிக் கேனைத் தூக்கி நுரையைப் பார்த்தான். "நாளைக்கு டேங்கை இறக்கிடறேன்."

"நான் பக்கத்துல இருப்பேன்."

வீட்டில் கணவன் டீ போட்டு வைத்திருந்தான். அவள் தொடவில்லை.

"ஆபீஸ்ல மீட்டிங்ல இருந்தேன். கேட்டான், சரின்னேன். இதுல என்ன இருக்கு?"

"நான் எடுக்கற எக்ஸ்ரேவுக்கு நீங்க வந்து சரி சொல்வீங்களா?"

"எக்ஸ்ரே நீதானே எடுக்கறே?"

"அதைத்தான் சொல்றேன்! என் வண்டிக்கு மட்டும் என்னைத் தவிர எல்லார்கிட்டயும் கேக்கறாங்க. நீங்களும் பெரிய மனுஷன் மாதிரி பதில் சொல்றீங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை வாயில வரலியே!"

அவன் ஆதரவுக்கு அம்மாவைப் பார்த்தான். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்தாள். டேங்க் இறங்கியது. புது பம்ப் ரப்பர் உறையோடு டேங்குக்குள் உட்கார்ந்தது. பாட்டரியிலிருந்து தனியாகத் தடித்த வயர், நடுவில் மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே. அதே கேனில் அரை நிமிடத்தில் இரண்டு லிட்டர் விழுந்தது, நுரையில்லாமல். சாவியைத் திருப்பியபோது, இருக்கையில் காதை வைத்தால்தான் மெல்லிய முனகல் கேட்டது.

"பரவாயில்லையே," என்றான் மெக்கானிக்.

அவள் புன்னகைக்கவில்லை. இனி தன்னிடம் மட்டுமே கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கணவனோடு இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் காலை அவன் வாசலில் வந்து நின்றான்.

"உன்கிட்ட கேளுன்னு சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியாதுன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

"ம்."

"இன்னும் கோவமா?"

"பாதி இருக்கு," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.