ஜன்னல் திறக்காத சாவு

எக்பெர்ட்டின் வீட்டில் ஒரு தீக்குச்சியை உரசினால் அந்தச் சூடு அடுத்த வெள்ளிக்கிழமை வரை நிற்கும். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் ஜனவரியில் எங்கள் மலைக்கு வந்து பார்க்கட்டும். வியாழக்கிழமை வரையாவது கட்டாயம் நிற்கும்.

நூற்று முப்பது வருஷத்து வீடு அது. முன்பெல்லாம் இடுக்கு வழியாகப் புகும் காற்று மேசை மேலிருக்கும் செய்தித்தாளைத் தானே புரட்டும். எக்பெர்ட் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே அவன் வீட்டை அடைக்க ஆரம்பித்தான். வெளிச்சுவர் முழுக்க ஒரு சாண் கனத்தில் மரநார்ப் பலகை. ஜன்னல்களுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. கதவிடுக்குகளில் ரப்பர். கடைசியில் புகைபோக்கியின் வாயையும் மூடிவிட்டான். பக்கத்து வீட்டுக்காரனான நான் நாற்பது வருஷம் புகைபோக்கி துடைத்துச் சாப்பிட்டவன். எக்பெர்ட் கூரைமேல் நின்றுகொண்டு, "ஹில்மார், உன் பொழப்புக்குச் சமாதி கட்டிட்டேன்டா!" என்று தெருவே கேட்கக் கத்தினான்.

வீட்டுக்குள் இருப்பவர்கள் மூச்சுவிட வேண்டுமே, அதற்குப் பரணில் ஒரு பெட்டி வைத்தான். அழுக்குக் காற்றை வெளியே அனுப்பும். ஆனால் அதனிடமிருந்து சூட்டைப் பிடுங்கிக்கொண்டுதான் அனுப்பும். உள்ளே இருப்பவர்கள் விட்ட மூச்சில் கரியமில வாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை நடையில் இருக்கும் ஒரு சின்னத் திரை எண்ணாகக் காட்டும். எக்பெர்ட்டும் அவன் மனைவி ரோஸ்விட்டாவும் தூங்கி எழுந்தால் காலையில் தொள்ளாயிரம். ஒருவர் மட்டும் என்றால் அறுநூறு.

ஜனவரியில், வெளியே மைனஸ் பதினெட்டு இருந்த ஒரு காலையில், காபி குடித்துவிட்டுச் சட்டை மாற்றப் படுக்கையறைக்குப் போன எக்பெர்ட் அப்படியே கட்டிலில் சாய்ந்து இறந்துபோனான். நான் ஓடிப்போனபோது ரோஸ்விட்டா ஜன்னல் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

உயிர் பிரிந்தால் அது வெளியே போக ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். எங்கள் ஊரில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இன்னுமா திறக்கலே?"

"சூடு போயிடுமேன்னு திட்டுவாரு, ஹில்மார்."

அவன் வாய் பாதி திறந்திருந்தது, திட்ட ஆரம்பித்தவன் போலவே. நானாவது திறந்திருக்கலாம். எனக்கும் பயம். டாக்டர் வந்தார், வண்டி வந்தது, அவனைத் தூக்கிப்போனார்கள். ஜன்னலை யாரும் தொடவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை திரையில் தொள்ளாயிரம் என்றிருந்தது. அதற்கடுத்த நாளும் தொள்ளாயிரம்.

பழுது பார்க்க வந்தவன் ஒரு மணி நேரம் குடைந்துவிட்டு, "மெஷின்ல கோளாறு இல்லம்மா, ரெண்டு பேருக்குச் சரியாத்தான் காட்டுது" என்றான். "நான் ஒருத்திதானேப்பா இருக்கேன்" என்றாள் ரோஸ்விட்டா. அவன் கருவிப்பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான். எஞ்சினைப் போடுவதற்கு முன்பே அவன் வண்டி பள்ளத்தாக்கில் பாதி தூரம் போயிருந்தது.

அப்புறம் கட்டிலுக்கு மேலிருக்கும் காற்றுத் துளையிலிருந்து யூகலிப்டஸ் மிட்டாய் வாசம் வர ஆரம்பித்தது. இருமலுக்கு அவன் எப்போதும் வாயில் ஒதுக்கிக்கொள்வது. குளியலறைக் கண்ணாடியில் தினம் காலை ஆறரைக்கு ஆவி படிந்தது, அவன் முகம் வரும் உயரத்தில் மட்டும். அதை நானே என் கண்ணால் பார்த்தேன். இதில் மட்டும் ஒரு துளிகூட அளக்கவில்லை.

பிப்ரவரி முடிவதற்குள் ரோஸ்விட்டா பாதியாகிவிட்டாள்.

"சுவர் ஓரமாவே தடவிக்கிட்டு நடக்கிறாரு. எங்கேயாவது ஓட்டை இருக்கான்னு தேடுறாரு. ஒரு ஓட்டையைக்கூட அவரு விட்டு வைக்கலையே! நான்தான் அவரை அடைச்சு வெச்சுட்டேன். எனக்குத் தூக்கமே இல்லே, ஹில்மார்."

"அப்போ இப்பவாவது திற."

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்த கையோடு படுக்கையறை ஜன்னலை விரியத் திறந்தோம். வெளியே ஒரு பனித்துகள்கூட அசையவில்லை. ஜன்னல் தானாகப் படீரென்று மூடிக்கொண்டது. மறுபடி திறந்தோம். மறுபடி படீர். மூன்றாவது தடவை என் மூக்கு மயிரிழையில் தப்பியது.

"போக மாட்டேங்கிறாரே!" என்று அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் நான் கீழே பார்த்தேன். ஜன்னலுக்கு அடியில் வெப்பத்தகடு கொதித்துக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் ஜன்னலைத் திறப்பதற்கு முன்னால் அதன் திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். இதை நோட்டீஸ் அடித்துத் தெருவில் வீடு வீடாகப் போட்டவனே எக்பெர்ட்தான்.

"அடி கிறுக்கி! ஹீட்டரை எரியவிட்டு ஜன்னலைத் திறந்தா அவன் போவானா? செத்தாலும் நின்னு மூடிட்டுத்தானே இருப்பான்!"

ஆறு வாரத்தில் முதல் முறையாக ரோஸ்விட்டா சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து திருகைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"இதைத் திருப்பினா நிஜமாவே போயிடுவாருல்ல?"

வாய் நிறையப் புளுகுகிற எனக்கு அந்த நேரத்தில் ஒரு பொய்கூட வரவில்லை.

"போயிடுவான்."

அவள் வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தாள். பிறகு திருப்பினாள். என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு ஒவ்வோர் அறையாகப் போனாள். ஒவ்வோர் இடத்திலும் ஏதோ முணுமுணுத்தபடி எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு வந்தாள். வீடு டக் டக்கென்று குளிர ஆரம்பித்தது.

"எல்லாம் அணைச்சாச்சுங்க. ஒண்ணும் வீணாகாது. நீங்க கிளம்புங்க" என்று சொல்லி ஜன்னலைத் திறந்தாள்.

இந்த முறை அது மூடவில்லை. காற்றே இல்லாத அந்த மதியத்தில் திரைச்சீலை வெளிப்பக்கமாக நீண்டது. ஓர் ஆள் பக்கவாட்டில் ஒடுங்கி நுழைய எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்று, விழுந்தது. யூகலிப்டஸ் வாசம் என் மூக்கை உரசிக்கொண்டு போயிற்று.

மறுநாள் காலை போன் அடித்தது.

"அறுநூறு" என்றாள் ரோஸ்விட்டா.

"தூங்கினியா?"

"தூங்கினேன். நல்லாவே தூங்கினேன். குளிருது, ஹில்மார்."

"மறுபடி சூட்டைப் போட்டு விடலையா?"

"நேத்தே போட்டுட்டேனே. வீடு சூடாத்தான் இருக்கு."