பெரியவருக்குப் பேறுகாலம்

தையல்காரியின் வீட்டில் வளர்ந்த ஆமைக்குப் பெயர் பெரியவர். சுருங்கிய முகத்தையும் ஆற அமர நடக்கும் நடையையும் பார்த்து அவள் கணவர் வைத்த பெயர். மின்சார வேலை முடிந்து வந்ததும் மனைவியை விசாரிக்கிறாரோ இல்லையோ, "பெரியவர் சாப்பிட்டாரா?" என்று கேட்காமல் கை கழுவ மாட்டார். ஆமை ஆண்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று யாரும் கேட்டதுமில்லை.

அப்பேர்ப்பட்ட பெரியவர் சில நாட்களாகத் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடித் தொட்டியின் சுவரில் ஏறி ஏறி விழுந்தார். வெளியே விட்டால் மூலைக்கு மூலை ஓடினார். தையல் மேஜைக்கு அடியில் கிடந்த துண்டுத் துணிகளைப் பின்கால்களால் பிராண்டித் தள்ளினார்.

"வயிறு மந்தம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கணவர் பேதி மருந்தும் கையுமாக வந்து நின்றார்.

தையல்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "மருந்தைத் தள்ளி வைங்க. இது மந்தமில்ல, முட்டை."

"ஆமாமா. அந்த டீச்சரம்மாவையும் மாசமா இருக்காங்கன்னு நீயா முடிவு பண்ணி, ஜாக்கெட்டைத் தளர்த்தித் தச்சே. அவங்க போட்ட சண்டை தெருவுக்கே கேட்டுச்சு."

அது அவளுக்குச் சுருக்கென்றது. அந்தச் சண்டைக்குப் பிறகு யார் இடுப்பைப் பார்த்தாலும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஆனால் இது ஓர் உயிர் விஷயம். பின்காலுக்கு முன்னால், ஓட்டின் ஓரத்தில் சதை பிதுங்கி நிற்பது அவள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆமையை மெல்லத் தூக்கி அந்த இடத்தில் விரலை வைத்தாள். உள்ளே கூழாங்கல் மாதிரி ஒன்று நழுவியது.

கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, கணவரும் கேட்கட்டும் என்று போனை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"முட்டைதாம்மா. ஆண் துணை இல்லாமலும் பெண் ஆமை முட்டை போடும். தோண்ட மண் இல்லேன்னா உள்ளேயே அடக்கி வெச்சுக்கும், உயிருக்கே ஆபத்து. இன்னிக்கே மண் வைங்க. நாளைக்கும் போடலேன்னா தூக்கிட்டு வாங்க. நீங்களா மருந்து ஏதும் குடுத்துடாதீங்க."

பேயறைந்தவர் போல நின்ற கணவர், மருந்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினார். கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து ஒரு மூட்டை மணலோடு திரும்பினார். துணி ஊறவைக்கும் பெரிய தொட்டியில் கொட்டிப் பெரியவரை இறக்கினார்கள். அவர் தோண்டினார். மணல் சரிந்து குழி மூடிக்கொண்டது. இடம் மாறித் தோண்டினார், அதுவும் சரிந்தது. கடைசியில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் கிடந்தார்.

"போச்சு" என்று கணவர் தலையில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மணல் பொலபொலன்னு இருக்கு. எப்படி நிக்கும்?" இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து வந்து, தெளித்துத் தெளித்துப் பிசைந்தாள். பிடித்தால் பிடி நிற்கிற பதம் வந்ததும், தொட்டிக்கு மேல் ஒரு லைனிங் துணியைப் பாதி மறைத்துக் கட்டினாள். "பிரசவம் பாக்கிற எடத்துல ஆம்பளைக்கு என்ன வேலை? வெளிய போங்க."

கதவைச் சாத்திக்கொண்டு மூச்சடக்கி உட்கார்ந்தாள். பெரியவர் மறுபடி ஆரம்பித்தார். ஒரு பின்கால் அள்ள, மறுகால் அள்ள, இந்த முறை குழி நின்றது. திரும்பிப் பாராமலே தோண்டி முடித்து உடம்பை அழுத்தினார். வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று, மற்றொன்று. தையல்காரி கத்திவிடாமல் இருக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள். ஜெயிச்சுட்டேன், ஜெயிச்சுட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

குழியை மூடி மிதித்துவிட்டு வந்த பெரியவர், நீட்டிய வெள்ளரித் துண்டைப் பிடுங்கித் தின்றார்.

அவள் கதவைத் திறந்தபோது கணவர் தம்பியோடு போனில் இருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார் மனிதர். "எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சுடா..."

போனைப் பறித்தாள். "தம்பி, பார்த்தது நான், தொட்டது நான், மண்ணை நனைச்சது நான். உங்கண்ணன் வாசல்ல நின்னாரு."

கணவர் சிரித்தார். போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி கத்தினார்: "ஆமாண்டா, எல்லாம் அவதான்!"

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் தையல்காரி.