கோடு தெரியாத கண்ணாடி

கந்தப்பளை மாதா கோயில் பாடகர் குழுவை நடத்திவந்த பெற்றீசியா டீச்சருக்கு நாற்பத்தாறு வயதில் இரண்டு கண்ணாடி தேவைப்பட்டது. பாட்டுப் புத்தகத்துக்கு ஒன்று. பாடுகிறவர்களின் முகத்துக்கு இன்னொன்று. ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டுவதற்குள் ஆண்கள் ஒரு வரி முந்திப் போயிருப்பார்கள்.

கப்பலில் சமையல் வேலை பார்த்த அவளுடைய தம்பி றோலண்ட், அக்காவின் கண் அளவை எழுதி வாங்கிப் போயிருந்தான். 1964 ஐப்பசியில் லீவில் வந்தபோது பிரான்ஸிலிருந்து புதுமாதிரிக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தான். மேலே தூரப் பார்வை; கீழே வர வர அது கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டப் பார்வையாக மாறும்.

"நம்ம சிலோன்ல யாருகிட்டயும் இது இருக்காதுக்கா," என்றான்.

மாட்டிக்கொண்டு பாட்டுப் பழக்கத்துக்குப் போனாள். நேரே பார்த்தால் சரிதான். பக்கவாட்டில் கண்ணைத் திருப்பினால் முகங்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. வலது கோடியில் நின்ற மத்தியாஸ் அப்படியும் இப்படியும் ஆடினான். பாட்டை நிறுத்திவிட்டு, "குடிச்சிட்டா வந்திருக்க?" என்று கேட்டாள். தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு நேரே வந்திருந்த அந்த மனுசன் வெறுந்தேத்தண்ணி தவிர ஒன்றும் குடித்திருக்கவில்லை. அவன் முகம் வாடிப்போனது.

பழகப் பழகச் சரியாகும் என்றான் றோலண்ட். பங்குச் சாமியாரும் அதையே சொன்னார். ஊரில் கண்ணாடியே போடாதவர்கள்கூடச் சொன்னார்கள். அவளும் பொறுத்துத்தான் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இறங்கும்போது படி எங்கேயோ விலகிப்போக, எல்லார் முன்னாலும் முட்டி தேய விழுந்தாள்.

வீட்டுக்கு வந்து முட்டிக்கு மருந்து போட்டபடி சொன்னாள்: "நீ ஆசையா கொண்டாந்த, தம்பி. சில பேருக்கு இது ஒத்துக்கும். எனக்கு ஒத்துக்கல. என் கண்ணுக்கு எது வேணும்னு நானே பாத்துக்கிறேன்."

றோலண்ட் அந்தக் கண்ணாடியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினான். பிறகு, "அப்ப நாளைக்கே கண்டிக்குப் போவோம்," என்றான்.

கண்டியில் கண்ணாடிக் கடை வைத்திருந்த முத்துலிங்கம், கீழே பிறை போல வெட்டுக்கோடு தெரியும் இரட்டைக் கண்ணாடியை முதலில் எடுத்து வைத்தார்.

"கோடு வேணாங்க ஐயா. பிள்ளைங்க என் கண்ணப் பாக்காம கோட்டத்தான் பாக்கும். எனக்கும் அது புடிக்கல. கெழவியாக இன்னும் நாள் இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே அலமாரிக்குள் கைவிட்டார். புதிதாக வந்த மாதிரி ஒன்றை எடுத்தார். இதிலும் இரண்டே பார்வைதான். ஆனால் நடுவிலுள்ள விளிம்பைத் தேய்த்து மறைத்திருந்தார்கள்.

"கோடு தெரியாதே தவிர, கீழ் வட்டத்தைச் சுத்திக் கொஞ்சம் மங்கலா இருக்கும், டீச்சர். மேலயிருந்து கீழ பாக்கிறப்ப படக்குனு ஒரு தாவல் இருக்கும். இத மறைச்சு விக்க மாட்டேன்."

"பக்கவாட்டுல ஆடுமா?"

"ஆடாது."

அவள் தன் அளவுக்குக் கிட்ட வந்த அந்த மாதிரிக் கண்ணாடியை மாட்டி, கையோடு கொண்டுபோன பாட்டுப் புத்தகத்தை விரித்தாள். றோலண்டை எதிர்க் கடை வாசலின் வலது ஓரத்தில் நிற்கச் சொன்னாள். புத்தகம், தம்பி, புத்தகம், தம்பி. கை தானாகத் தாளம் போட்டது. றோலண்ட் அசையாமல் நின்றான். அவன் உதடு சிரிப்பை அடக்குவதுகூடத் தெரிந்தது.

"இதுதான். ஆனா வட்டத்தக் கொஞ்சம் கீழ எறக்கி வைங்க. நான் புத்தகத்த வயித்துக்கு நேரா புடிக்கிறவ."

முத்துலிங்கம் அவளை நின்றபடியே புத்தகம் பிடிக்கச் சொல்லி, கண்ணாடியில் மையால் புள்ளி வைத்துக்கொண்டார்.

மார்கழியில் நுவரெலியாவில் பாட்டுப் போட்டி. பட்டணத்துக் குழுக்கள் ஒரே நிறத்தில் கோட்டுப் போட்டு வந்திருந்தன. கந்தப்பளைக்காரர்கள் கம்பளிச் சட்டையோடு மேடை ஏறினார்கள். பெற்றீசியா புதுக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கையை உயர்த்தினாள். இடது கோடி அந்தோனியம்மாவிலிருந்து வலது கோடி மத்தியாஸ் வரை ஒவ்வொரு முகமும் கழுவி வைத்ததுபோல் நின்றது.

இரண்டாம் பாட்டில் ஆண்கள் மௌனமாகக் காத்திருந்து சேரவேண்டிய இடம் ஒன்று உண்டு. பெண்களைப் பாடவைத்துக்கொண்டிருந்தவளுக்கு, கடைக்கண்ணில் மத்தியாஸ் மூச்சு இழுப்பது தெரிந்தது. ஒரு தாளம் முன்னாலேயே. இடது கை பெண்களை விடாமல் பிடித்திருக்க, வலது உள்ளங்கையை அவன் பக்கம் விரித்தாள். மத்தியாஸ் இழுத்த மூச்சோடு நின்றான். சேரவேண்டிய தாளம் வந்ததும் அவள் தலையை மட்டும் அசைத்தாள். ஆண்கள் எல்லாரும் ஒரே குரலாய் இறங்கினார்கள். மண்டபத்தின் பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

முதல் பரிசு கந்தப்பளைக்கு என்று அறிவித்தபோது அவள் கைதட்ட மறந்து, குழுவின் முகங்களையே வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தோனியம்மா அழுதாள். மத்தியாஸ், "டீச்சர், நான் மூச்சு இழுத்ததுகூடத் தெரிஞ்சுச்சா ஒங்களுக்கு?" என்றான்.

"இனி ஒன்னும் தப்பாது," என்றாள்.

றோலண்ட் பரிசாகக் கிடைத்த வெள்ளிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் முன் இருக்கையைப் பிடித்தான். கந்தப்பளை வரும்வரை யாரும் பாட்டை நிறுத்தவில்லை.